சென்னை – ஜித்தா: விமானத் தூரம் எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு?

உம்ரா டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரப் பயணம்?" என்பதுதான். நேரடி விமானத்தின் டிக்கெட்டில் சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பாடு, ஜித்தாவில் பகல் 1.30-க்கு வந்து சேர்வு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். "மூன்றரை மணி நேரம்தானே!" என்பார்கள் பிள்ளைகள். திரும்பி வரும் டிக்கெட்டில் பகல் 2 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் இரவு 10 மணிக்கு வந்து சேர்வு என்று இருக்கும். "வரும்போது மட்டும் எப்படி எட்டு மணி நேரம்?" என்று அடுத்த கேள்வி வரும்.

உண்மையில் போகும்போது சுமார் ஆறு மணி நேரம், வரும்போது சுமார் ஐந்தரை மணி நேரம். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் இரண்டு ஊர்களின் கடிகாரங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழித்தால் தவறான விடைதான் வரும்.

இது வெறும் பொது அறிவுக் கணக்கு அல்ல. இஹ்ராமுக்கு எப்போது தயாராவது, சர்க்கரை நோய் உள்ள பெற்றோர் எப்போது ஊசி போடுவது, எந்தத் தொழுகை விமானத்தில் வரும், அழைத்துச் செல்ல வருபவர் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என எல்லாமே இந்தக் கணக்கைப் பொறுத்தவை. எனவே தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

தூரம்: 4,450 கி.மீ.

சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பன்னாட்டு விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 4,450 கிலோமீட்டர். விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் இது 2,400.

இது உருண்டையான பூமியின் மேல் அளக்கப்படும் மிகக் குறுகிய வழி. தட்டையான வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளந்தால் இந்தத் தூரம் சரியாகக் கிடைக்காது. நமக்குப் பழக்கமான கிப்லாவை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். சென்னையில் கிப்லா நேர் மேற்கு இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். கஅபாவை நோக்கிய மிகக் குறுகிய வழியின் திசை அதுதான். ஜித்தா விமானம் பறக்க வேண்டிய குறுகிய வழியும் அநேகமாக அதே திசையில்தான் தொடங்குகிறது. ஆகவே இந்தப் பயணத்தின் பெரும்பகுதியில் கிப்லா ஏறக்குறைய விமானத்தின் மூக்கு நோக்கும் பக்கமாகவே இருக்கும்.

இந்தக் குறுகிய வழி தென்னிந்தியாவைக் குறுக்காகக் கடந்து, அரபிக்கடலின் மேல் நீண்ட நேரம் சென்று, ஓமன் கரையைத் தொட்டு, சவூதியின் தெற்கிலுள்ள பெரும் பாலைவனமான ரூபுல் காலியின் பக்கமாக மேற்கே போகும். விமானம் கோடு போட்டதுபோல் இதே வழியில் பறப்பதில்லை. வான்வழிப் பாதைகள், வானிலை, மூடப்பட்ட வான்வெளி, தரையிறங்கும் ஓடுபாதையின் திசை ஆகியவற்றுக்கு ஏற்ப வளைந்து போகும். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் இந்த அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில வான்வழித் தூரங்கள் (ஏறத்தாழ):

- சென்னை – ஜித்தா: 4,450 கி.மீ.
- சென்னை – மதீனா: 4,430 கி.மீ.
- கொச்சி – ஜித்தா: 4,170 கி.மீ.
- கொழும்பு – ஜித்தா: 4,650 கி.மீ.
- சென்னை – துபாய்: 2,930 கி.மீ.
- துபாய் – ஜித்தா: 1,700 கி.மீ.

மதீனா வடக்கே தள்ளி இருப்பதால் தூரம் அதிகம் என்று பலர் நினைப்பதுண்டு. சென்னையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.

நேரம்: ஆறு மணி நேரம் எப்படி வருகிறது?

பெரிய பயணிகள் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. 850 என்று வைத்துக்கொண்டால் 4,450 கி.மீ. கடக்க ஐந்தேகால் மணி நேரம் ஆகும். இதோடு மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் குறையும் வேகம், ஓடுபாதை வரை மெதுவாக உருண்டு செல்வது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது ஆகியவற்றுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் சேர்க்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

டிக்கெட்டில் போடும் புறப்பாட்டு நேரம் சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் இல்லை. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம் அது. வந்து சேரும் நேரமும் அப்படியே. விமானம் நிற்குமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம். எனவே விமானி "பறக்கும் நேரம் ஐந்தரை மணி" என்று அறிவித்து, டிக்கெட் கணக்கு ஆறு மணி என்று சொன்னால் இரண்டும் சரியே.

எந்த இரண்டு ஊர்களுக்கும் இதே முறையில் நீங்களே கணக்குப் போடலாம். தூரத்தை 850-ஆல் வகுத்து, வரும் விடையோடு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். நேரடி விமானத்துக்குப் பெரும்பாலும் அருகில் வந்துவிடும்.

போகும்போது அதிகம், வரும்போது குறைவு ஏன்?

காற்றுதான் காரணம். விமானம் பறக்கும் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், குளிர்கால மாதங்களில் அரேபியாவின் மீதும் வட இந்தியாவின் மீதும் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும். ஜித்தாவுக்குப் போகும் விமானம் எதிர்க்காற்றில் போகிறது. சென்னைக்குத் திரும்பும் விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது.

மணிக்கு 100 கி.மீ. எதிர்க்காற்று வழி முழுவதும் இருந்தால் தரையோடு ஒப்பிட்ட வேகம் 850-லிருந்து 750 ஆகிவிடும். பறக்க ஐந்து மணி 56 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 950; நாலு மணி 41 நிமிடம் போதும். ஒரே தூரத்தில் ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். வழி முழுவதும் ஒரே அளவில் காற்று வீசுவதில்லை என்பதால் நடைமுறையில் வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருக்கும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறும். அப்போது தென்னிந்தியாவின் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் ஆராய்ந்து விளக்கிய காற்று இது. இதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், அதன் கீழ்ப்பகுதி மேற்கே போகும் விமானத்துக்கு ஓரளவு உதவும். அதனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போக, வர நேர வித்தியாசம் குறையக்கூடும்.

வான்வெளி மூடப்படுவதும் நேரத்தை மாற்றும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் அந்நிறுவனங்களின் விமானங்கள் தெற்கே சுற்றிப் போக வேண்டியதாயிற்று. சென்னை – ஜித்தா வழி அரபிக்கடலைக் கடந்து ஓமனுக்குள் நுழைவதால் அந்தத் தடை இதைத் தொடவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, வளைகுடாவில் விமானம் மாற இருந்தவர்கள் பலர் வழியில் சிக்கிக்கொண்டார்கள். பயணத்துக்கு முந்தைய நாளும், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பும் விமான நேரத்தைச் சரிபார்ப்பது நல்லது.

இரண்டு கடிகாரங்கள்

சவூதி நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இலங்கைக்கும் இதே வித்தியாசம்தான். இரண்டு பக்கமும் கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆண்டு முழுவதும் இதே இரண்டரை மணி.

போகும்போது: டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்து, இரண்டரையைக் கூட்டுங்கள். காலை 10 முதல் பகல் 1.30 வரை மூன்றரை. அதோடு இரண்டரை சேர்த்தால் ஆறு.

வரும்போது: கழித்து வரும் விடையிலிருந்து இரண்டரையைக் குறையுங்கள். பகல் 2 முதல் இரவு 10 வரை எட்டு. அதில் இரண்டரை போனால் ஐந்தரை.

நள்ளிரவுக்குப் பிறகு புறப்படும் விமானங்களில் தேதியையும் கவனியுங்கள். "15-ஆம் தேதி 00.40" என்று இருந்தால் 14-ஆம் தேதி இரவு இஷா தொழுதுவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு போனால் விமானம் எப்போதோ போயிருக்கும்.

பெரியவர்களோடு போகும் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. விமானத்தில் ஏறியதும் செல்போன்கள் நேரத்தை மாற்றினாலும், ஒருவர் கையில் மட்டும் சாதாரணக் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவையுங்கள். மருந்து, சாப்பாடு, இஹ்ராம் நேரம் என எல்லாவற்றையும் இறங்கும்வரை அந்த ஒரு கடிகாரத்தை வைத்தே எண்ணுங்கள். இரண்டு நேரங்கள் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் குழப்பமே தொடங்குகிறது.

மாறிச் செல்லும் விமானம்

நேரடி விமானம் எல்லா நாட்களிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கூடுதலாக இருக்கலாம். அதனால் பலர் துபாய் போன்ற ஊர்களில் மாறிப் போகிறார்கள். மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள்: சென்னை – துபாய் 2,930, துபாய் – ஜித்தா 1,700, மொத்தம் 4,630. நேரடி வழியைவிட 180 கி.மீ. மட்டுமே அதிகம். ஆகாயத்தில் அது கால் மணி நேரத் தூரம்கூட இல்லை.

நேரமோ பல மணி கூடிவிடுகிறது. இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை இறக்கம், நடுவில் பாதுகாப்புச் சோதனை, அடுத்த விமானத்துக்கான காத்திருப்பு. மூன்று மணி நேரம் காத்திருந்தால் ஆறு மணிப் பயணம் பத்து மணியாகும்; எட்டு மணி நேரம் காத்திருந்தால் பதினைந்தாகும். எனவே ஏஜென்டிடம் விலை கேட்கும்போதே, "நடுவில் எத்தனை மணி நேரம்?" என்றும் கேளுங்கள். காத்திருப்பு அளவுக்கு மீறிக் குறைந்தாலும் ஆபத்துதான். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் அடுத்ததைப் பிடிக்க முடியாது. வீல்சேரில் வரும் பெரியவர்களுக்கு இன்னும் சிரமம்.

இரண்டு பயணங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானம் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போய்விடலாம்.

இஹ்ராம்: இறங்குவதற்கு முன்பே வரும் எல்லை

இந்தப் பயணத்தில் நேரக் கணக்கு மிக முக்கியமாகும் இடம் இதுதான். உம்ரா அல்லது ஹஜ் நாடி மக்கா செல்பவர் மீகாத் எல்லையைக் கடக்கும் முன் இஹ்ராமுக்கான நிய்யத்தை வைத்திருக்க வேண்டும். கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் பொதுவாகத் தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் மீகாத்தை, அல்லது அதற்கு நேரான இடத்தை ஆகாயத்திலேயே கடக்கின்றன. அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 130 கி.மீ. தான், இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு அது அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தூரம்.

ஆக, ஆறு மணிப் பயணத்தில் ஐந்தாவது மணி முடியும்போதே எல்லோரும் விழித்துத் தயாராக இருக்க வேண்டும். பல விமானங்களில் முன்கூட்டி அறிவிப்புச் செய்வார்கள். அறிவிப்பு காதில் விழாமல் தூங்கிவிட்டால் நிய்யத் இல்லாமலேயே எல்லையைக் கடந்துவிடுவோம். பிறகு மீகாத்துக்குத் திரும்பிச் செல்வதோ, குர்பானி கொடுத்துப் பரிகாரம் செய்வதோ வேண்டிவரும். ஆகவே:

- இஹ்ராம் துணியைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் ஜித்தாவில்தான் கையில் கிடைக்கும்.
- குளித்து, இஹ்ராம் உடையை வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்ளுங்கள். விமானக் கழிவறையில் மாற்றுவது முதியவர்களுக்குக் கடினம்.
- நிய்யத்தும் தல்பியாவும் மீகாத்துக்குச் சற்று முன் போதும். தூங்கிவிடுவோம் என்ற அச்சம் உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம்.
- துபாயில் மாறுவோர் அங்கேயே உடுத்திக்கொள்ளலாம். துபாய் – ஜித்தா மூன்று மணி நேரத்துக்குள் முடியும் பயணம் என்பதால், ஏறியவுடன் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- நிய்யத் வைத்த பின் விமானத்தில் தரும் வாசனை ஈரத் துண்டைத் தவிர்த்துவிடுங்கள். குளிருக்குப் போர்வை போர்த்தலாம். ஆண்கள் தலையை மூடக் கூடாது, காலுறையும் அணியக் கூடாது.

முதலில் மதீனாவுக்குச் செல்வோருக்கு இந்த அவசரம் இல்லை. அவர்கள் சாதாரண உடையில் போய், மதீனாவிலிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணியலாம். தூரமும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், முதியவர்களோடு போகும் குடும்பங்கள் இந்த வழியை யோசிக்கலாம்.

தொழுகையும் நோன்பும்

இந்த உயரத்தில் மேற்கே போகும் விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறது. இந்த அட்சரேகையில் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,590 கி.மீ. வேகத்தில் கிழக்காகச் சுழல்கிறது. விமானம் அதில் பாதிக்கு மேற்பட்ட வேகத்தில் மேற்கே பறக்கிறது. அதனால் போகும்போது பகல் நீண்டுகொண்டே போகும். வீட்டில் ஒரு மணி நேரத்தில் மறையும் சூரியன் விமானத்தில் மறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.

திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு. நேரங்கள் சுருங்கும். தரையில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும் மஃரிப் நேரம் விமானத்தில் முக்கால் மணியளவில் முடிந்துவிடும். "கொஞ்சம் கழித்துத் தொழலாம்" என்று விட்டால் தவறிப்போகும். பயணியாக இருப்பதால் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில் இப்பயணத்தில் அப்படி இல்லை. இருக்கையில் தொழுவது பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரமளானில் போகிறவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. மார்ச் தொடக்கத்தில் சென்னையில் மாலை 6.20 அளவில் சூரியன் மறையும். ஜித்தாவில் அது 6.30 அளவில், இந்திய நேரப்படி இரவு 9 மணி. சென்னையில் ஸஹர் செய்துவிட்டுப் பகல் விமானத்தில் ஜித்தா போகிறவருக்கு அன்றைய நோன்பு வீட்டில் இருப்பவர்களைவிட இரண்டே முக்கால் மணி நேரம் அளவுக்கு நீளும். இஃப்தார் நேரம் விமானத்திலேயே வந்தால், கீழே உள்ள ஊரின் நேரத்தைப் பார்க்கக் கூடாது. ஜன்னலில் சூரியன் மறைவதைப் பார்த்தே நோன்பு திறக்க வேண்டும். அந்த உயரத்தில் சூரியன் தரையில் இருப்பவர்களுக்கு மறைந்து கால் மணி நேரம் அளவுக்குப் பிறகும் தெரியும். முடியாதவர்கள், நோயாளிகள், முதியவர்கள் பயணிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பயன்படுத்தி, பிறகு கழாச் செய்துகொள்ளலாம்.

மருந்தும் உடல்நலமும்

இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறையில் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும். மருத்துவரின் சீட்டையும் உடன் வையுங்கள். இரண்டரை மணி நேர மாற்றத்துக்கு ஏற்ப ஊசி, மாத்திரை நேரங்களை எப்படி நகர்த்துவது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கூறுகிறது. இது ஆறு மணிப் பயணம். எனவே தண்ணீர் குடியுங்கள். இடையிடையே எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலை அசையுங்கள். முட்டிவலி உள்ள பெற்றோருக்கு நடைபாதை ஓர இருக்கையும் வீல்சேரும் டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள்.

வீட்டு வாசல் முதல் மக்கா வரை

ஆறு மணி நேரம் என்பது ஆகாயக் கணக்கு. காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ கிளம்பும் குடும்பத்துக்குச் சென்னை வந்து சேரவே ஓர் இரவு ஆகும். அதை 12 மணி என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் முன்கூட்டி வருவது, சோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 4 மணி. பறப்பது 6 மணி. ஜித்தாவில் இமிக்ரேஷன், பெட்டி எடுப்பது 2 மணி. மக்கா போய் அறையில் நுழைய இன்னும் 2 மணி. மொத்தம் 26 மணி நேரம். உம்ராவை உடனே நிறைவேற்றப் போகிறோமா, பெற்றோர் சற்று ஓய்வெடுத்த பிறகா என்பதை இந்த எண்ணை மனதில் வைத்து வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். இஹ்ராமில் இருந்தபடியே ஓய்வெடுத்துவிட்டு உம்ரா செய்யத் தடையில்லை.

ஜித்தா விமான நிலையத்திலிருந்து மக்காவுக்குச் சாலை வழி சுமார் 100 கி.மீ. மக்காவையும் மதீனாவையும் ஜித்தா வழியாக இணைக்கும் 450 கி.மீ. நீள ஹரமைன் அதிவேக ரயில் 2018 அக்டோபர் முதல் ஓடுகிறது. விமான நிலையத்திலேயே நிலையம் உண்டு. மணிக்கு 300 கி.மீ. வரை போகும் இந்த ரயிலில் மக்காவை ஒரு மணி நேரத்துக்குள் அடையலாம்.

1995 வரை இந்தியாவிலிருந்து ஹாஜிகள் மும்பையில் கப்பலேறி ஜித்தா போய்க்கொண்டிருந்தார்கள். பல நாட்கள் கடலில் கழியும். மீகாத் வருவதற்குள் தயாராக அவகாசம் தாராளமாக இருந்தது. இன்று அதே பயணம் ஆறு மணி நேரத்தில் முடிகிறது. தயாராகும் அவகாசமும் அதற்கேற்பச் சுருங்கிவிட்டது. டிக்கெட் கைக்கு வந்த அன்றே இந்திய நேரப்படி ஒரு தாளில் புறப்பாடு, மருந்து, தொழுகை, நிய்யத், இறக்கம் என்று வரிசையாக எழுதி, குடும்பத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள். அல்லாஹ் அனைவரின் பயணத்தையும் எளிதாக்கி, ஏற்றுக்கொள்ளப்பட்ட உம்ராவாக ஆக்குவானாக.